குழாய் நீரும் வீட்டு வடிகட்டியும்



நகரத்தில் குடியிருக்கும் நாம் விடியற்காலையில் ஆவலோடு எதிர்பார்க்கும் ஒலி, குழாயில் நீர் வரும் ஒலி. அது வந்துவிட்டால் அன்றைய பொழுது நல்லபடியாகத் தொடங்கிவிட்டது என்று நிறைவு கொள்கிறோம். அந்த நீர் எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியே வந்தது, வழியில் எவை அதனோடு கலந்தன என்பவற்றை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் முன்னோர் கிணற்று நீரைப் பருகினார்கள். கிணறு கண்ணெதிரே இருந்தது. அதனருகில் மாட்டுத் தொழுவம் இருக்கிறதா, துணி துவைத்த அழுக்கு நீர் அதற்குள் வடிகிறதா என்பதை எவரும் பார்த்து அறியலாம். குழாயோ மண்ணுக்கு அடியில் ஓடுகிறது. அதன் பழுது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே குடிநீரைப் பற்றி அச்சம் எழும்போது, கடையில் விற்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று கருதிவிடுகிறோம்.

குழாய் நீரில் என்னென்ன மாசுகள் கலக்கக்கூடும், அவற்றுக்கு ஏற்ற வடிகட்டியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நாம் அறிவியல் பயின்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவர். ஒரு சொல்லின் பொருள் இன்னதென்று தெளியாமல் அடுத்த வரிக்குச் செல்லலாகாது என்பது அப்பணி கற்பித்த பாடம். 'நல்ல நீர்' என்னும் எளிய தொடரின் பொருளைத் தெளியாமல் விட்டதனால் எங்கள் இல்லத்தில் நேர்ந்த துன்பத்தை முதலில் சொல்லுகிறோம்.

2017-ஆம் ஆண்டில் நாங்கள் தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வசித்து வந்தோம். வைகாசி மாதக் கடுங்கோடையில் ஒரு நாள், குடிநீர்க் கருவி விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். பேனாவைப் போன்ற சிறிய மானி ஒன்றை எடுத்து, எங்கள் குழாய் நீரில் அமிழ்த்தினார். அது 180 என்னும் எண்ணைக் காட்டியது. அடுத்த தெருவில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் வீட்டில் அதே மானி 900-க்கு மேல் காட்டியதாம். "உங்கள் நீர் நல்ல நீர்தான், இக்கருவியை வாங்கினால் அதை இன்னும் நல்ல நீராக்கி 30-க்குக் கொண்டு வந்துவிடலாம்" என்றார் அவர். கருவியின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆனால் 180 என்பது நல்ல எண் என்று அவர் சொன்னது மட்டும் மனத்தில் பதிந்துவிட்டது. அதுநாள் வரை குடிநீரைக் காய்ச்சி ஆற வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. நல்ல நீரை எதற்காகக் காய்ச்ச வேண்டும் என்று அதைக் கைவிட்டோம். எரிவாயுவும் மிச்சம், வேலையும் மிச்சம் என்று மகிழ்ந்தோம்.

மழைக்காலம் வந்தது. ஆவணி மாத இறுதியில் எங்கள் கட்டடத் தொகுதியில் நான்கு குழந்தைகளுக்கு மஞ்சட்காமாலை கண்டது. அவர்களுள் ஒருத்தி எங்கள் மகள். மருத்துவர், குழந்தை எந்த நீரைக் குடிக்கிறாள் என்று கேட்டார். குழாய் நீர்தான், அளந்து பார்த்த நீர், 180 என்று நாங்கள் சொன்னோம். அந்த மானி நீரில் கரைந்துள்ள உப்பை அளக்குமேயன்றிக் கிருமியை அளக்காது என்று அவர் பொறுமையோடு விளக்கினார். ஆறு வாரம் குழந்தை பள்ளிக்குச் செல்லவில்லை. அந்த ஆறு வாரத்தில், குடிநீரைப் பற்றி நாங்கள் முன்னரே அறிந்திருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டோம்.

தில்லி நகரம் இப்பாடத்தை முன்பே ஒருமுறை பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், யமுனையின் போக்கு மாறி நீர் குறைந்திருந்த நிலையில், நஜப்கர் வடிகாலின் கழிவுநீர் ஆற்றில் மேல்நோக்கித் திரும்பி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. நீரேற்று நிலையத்தார் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் மஞ்சட்காமாலை நகரில் காட்டுத்தீயெனப் பரவியது. வெளிப்படையாக நோயுற்றவர்கள் மட்டும் 29,000-க்கு மேற்பட்டவர்கள். நோயின் காரணமான வைரஸ் இன்னதென்று அன்று எவரும் அறியார். 1983-இல் மிக்கேல் பலயான் என்னும் சோவியத் அறிவியலாளர், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே உட்கொண்டு நோயுற்று, அந்த வைரஸை நுண்நோக்கியில் கண்டறிந்தார். இன்று அதனை ஹெப்படைட்டிஸ் ஈ என்கிறோம். கருவுற்ற பெண்களுக்கு அது பெருங்கேடு விளைவிப்பது. தில்லியில் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய இரத்த மாதிரிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது, 1955-இல் பரவியதும் அதுவே என்று தெரியவந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது என்ன? குளோரின் ஆற்றல் மிக்க மருந்துதான். ஆயினும் நீர் கலங்கலாக இருந்தாலோ, கழிவு மிகுந்தாலோ, போதிய நேரம் கிடைக்காவிட்டாலோ அதன் ஆற்றல் குன்றிவிடுகிறது. பாக்டீரியாக்கள் மடிந்த நீரிலும் வைரஸ் பிழைத்திருக்கக்கூடும். இன்றும் குளிர்காலத்தில் யமுனையின் நீரோட்டம் குறையும்போது, ஆலைக் கழிவும் சாக்கடையும் கலப்பதனால் ஆற்று நீரில் அம்மோனியா மிகுவதுண்டு. குளோரின் அந்த அம்மோனியாவோடு கூடித் தன் வலிமையை இழக்கிறது. அத்தகைய நாள்களில் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் நீர் சுத்திகரிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடுகிறது.

இனி, ஆற்று நீர் குழாய் நீராக மாறும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கலங்கல் நீர் நிறைந்த பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து வைப்பார்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் படிந்து நீர் தெளியும். சுத்திகரிப்பு நிலையத்தில் அவ்வேலையைப் படிகாரம் போன்ற பொருள்கள் செய்கின்றன. தெளிந்த நீர் மணற்படுகை வழியே வடிகட்டப்பெற்றுப் பின்னர் குளோரின் சேர்க்கப்பெறுகிறது. குழாய் வழியில் கிருமி புகுந்தாலும் அதனை அழிப்பதற்காகச் சிறிது குளோரின் நீரிலேயே எஞ்சியிருக்க வேண்டும். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது; வைரஸிலிருந்து பாதுகாப்பு வேண்டுமிடத்து 0.5 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. குழாய் நீரில் வரும் மெல்லிய குளோரின் மணத்தை நாம் குறை சொல்லுகிறோம். உண்மையில் அது காவல் இருப்பதற்கு அறிகுறி.

நிலையத்திலிருந்து நல்ல நீராகவே புறப்பட்டாலும், வீடு வந்து சேரும்வரை அது அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாள் முழுவதும் நீர் வராத நகரங்களில், நீர் நின்றபின் குழாயில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அப்போது குழாயில் விரிசல் இருந்தால், அருகிலுள்ள சாக்கடை நீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுவோர், இந்தத் தீமையைத் தமக்கும் அண்டை வீட்டாருக்கும் பன்மடங்காக்குகிறார்கள். இவற்றையெல்லாம் கடந்து வந்த நீர், பல ஆண்டுகளாகக் கழுவப்படாத மேல்நிலைத் தொட்டியில் தங்குமாயின் அதுவும் ஒரு கேடு.

ஆகவே குடிநீரின் மாசுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நலம். முதலாவது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிபவை: மண், துரு, நாற்றம், நிறம். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்: பாக்டீரியா, வைரஸ், நுண்ணிய ஒட்டுண்ணிகள். மூன்றாவது, கரைந்து நிற்கும் பொருள்கள்: கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகளும், புளூரைடு, நைட்ரேட், ஆர்செனிக், ஈயம் முதலியனவும். முதல் வகை அருவருப்பைத் தருவது. நோயை எப்போதும் தருவதன்று. இரண்டாம் வகை சில நாள்களிலோ வாரங்களிலோ நோயைத் தருவது. மூன்றாம் வகையில் சில தீங்கற்றவை. சில ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்து பல்லையும் எலும்பையும் மூளையையும் கெடுப்பவை.

விற்பனையாளரின் மானி காட்டும் எண், மூன்றாம் வகைப் பொருள்கள் அனைத்தின் தோராயமான கூட்டுத்தொகை மட்டுமே. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு அது கணக்கிடுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 2,000 வரை பொறுக்கத்தக்கது என்றும் மேற்சொன்ன தரம் கூறுகிறது. இந்த எண்ணால் கிருமியை அறிய இயலாது. நஞ்சையும் அறிய இயலாது. ஈயத்துக்கு உரிய எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு ஈயம் கலந்திருந்தாலும், முழு எண்களை மட்டும் காட்டும் அந்த மானியில் ஓர் இலக்கமும் மாறாது. சாக்கடை கலந்த நீர் 180 காட்டலாம். தீங்கற்ற சுண்ணச்சத்து மிகுந்த கிணற்று நீர் 450 காட்டலாம்.

மற்றொரு வித்தையையும் சிலர் செய்து காட்டுவர். இரு கண்ணாடிக் குவளைகளில் குழாய் நீரையும் கருவியின் நீரையும் ஊற்றி, மின்சாரம் பாயும் உலோகக் கம்பிகளை அவற்றில் நிறுத்துவர். குழாய் நீர் சில நிமிடங்களில் செம்பழுப்பாகக் கலங்கும். கருவியின் நீர் தெளிவாகவே நிற்கும். பார்ப்போர் திடுக்கிடுவர். அந்த நிறம் நீரிலிருந்த அழுக்கன்று. கம்பியின் இரும்பு கரைந்து வெளிப்பட்ட துரு. உப்புக் குறைந்த நீரில் மின்சாரம் செவ்வனே பாய்வதில்லை. ஆதலால் அங்கே இரும்பு கரையவில்லை. அவ்வளவே.

இனி வடிகட்டிகளைப் பார்ப்போம். பீங்கான் கேண்டில் வடிகட்டி மண்ணையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் தடுக்கும். வைரஸ் அதன் துளைகளிலும் சிறியது, ஆகவே நுழைந்துவிடும். கரி வடிகட்டி குளோரின் மணத்தையும் சில இரசாயனப் பொருள்களையும் ஈர்த்துக்கொள்ளும், கிருமியைக் கொல்லாது. காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும். புற ஊதாக் கதிர் விளக்குள்ள கருவி பாக்டீரியாவையும் வைரஸையும் செயலறச் செய்யும். ஆனால் நீர் தெளிவாக இருக்க வேண்டும், விளக்கைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். உப்பை அது சிறிதும் குறைக்காது. ஆர்.ஓ. எனப்படும் கருவி மிக நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்துவது. உப்பு, புளூரைடு, நைட்ரேட், ஆர்செனிக், ஈயம் ஆகியவற்றைக் குறைக்க வல்லது. சவ்வைக் கெடுக்காமலிருக்கக் குளோரினை அதற்குள்ளிருக்கும் கரி முன்பே நீக்கிவிடுகிறது; எனவே அதன் தொட்டியில் தேங்கும் நீருக்குக் குளோரினின் காவல் இல்லை. தொட்டி தூய்மையாக இருத்தல் வேண்டும்.

இவை யாவற்றிலும் பழமையான வழி காய்ச்சுதல். நீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் தளதளத்தால் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி அனைத்தும் மடியும். ஆனால் காய்ச்சுவதால் நைட்ரேட்டோ புளூரைடோ ஈயமோ குறையாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு சற்று மிகும்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நம் வீட்டு நீர் ஆற்றிலிருந்து வருவதா, நிலத்தடியிலிருந்து வருவதா, லாரியில் கலந்து வருவதா? அதில் எந்த மாசு உண்மையில் உள்ளது? முதல் கேள்விக்கு விசாரித்து விடை பெறலாம். இரண்டாவதற்குச் சோதனை வேண்டும். எஞ்சிய குளோரின் உண்டா என்பதைச் சில துளி மருந்து விட்டு, மஞ்சள் நிறம் தோன்றுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மலக் கலப்பை அறிவதற்கு 1982-இல் நம் நாட்டு அறிவியலாளர்களான மஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் எளிய சோதனை ஒன்றை வகுத்துத் தந்தார்கள். மருந்து தோய்ந்த தாள் உள்ள சிறு புட்டியில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக் கலப்புள்ள நீர் கறுத்துவிடும். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், புளூரைடு, உலோகங்கள் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தில் பார்க்க வேண்டும். கருவி விற்பவரே இலவசமாகச் செய்யும் சோதனையை மட்டும் நம்பிப் பணம் செலவிடுதல் தகாது.

ஆற்று நீர் வரும் வீட்டில் உப்புக் குறைவாக இருந்து கிருமி அச்சம் மட்டும் இருக்குமானால், காய்ச்சுவதோ, மண் வடிகட்டியோடு கூடிய புற ஊதாக் கதிர்க் கருவியோ போதும். உவர்ப்பு மிகுந்த ஆழ்குழாய் நீராகவோ, புளூரைடும் நைட்ரேட்டும் எல்லை மீறிய நீராகவோ இருந்தால் ஆர்.ஓ. கருவி தேவை. தேவையில்லாத இடத்தில் அதை வைப்பதால் நேரும் இழப்பு நம்முடையது மட்டுமன்று. சாதாரண வீட்டுக் கருவி ஒரு லிட்டர் நீர் தருவதற்கு ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியேற்றிவிடும். நாளொன்றுக்கு 15 லிட்டர் குடிநீர் கொள்ளும் குடும்பம் 45 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஆயிரம் வீடுகளில் இது 45,000 லிட்டர். 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்ய விதி வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்ததன் காரணம் இதுவே. கருவி இன்றியமையாத வீட்டார், வெளியேறும் நீரைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்.

கருவி எதுவாயினும், குடிநீர்ப் பாத்திரத்துள் கையை விடாமலிருத்தல், மூடி வைத்தல், மேல்நிலைத் தொட்டியை ஆண்டுக்கு இருமுறையேனும் கழுவுதல், வெகுநேரத்துக்குப்பின் வரும் முதல் நீரைக் குடிக்கப் பிடிக்காமல் விடுதல் ஆகியவை செலவில்லாத காவல்கள்.

எங்கள் குடியிருப்பில் பின்னர் என்ன நடந்தது என்பதையும் சொல்லி முடிக்கிறோம். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து, பல வீடுகளின் நீரைச் சிறு புட்டிகளில் பிடித்து வைத்தோம். கீழ்த்தளத்து வீடுகள் அனைத்தின் புட்டிகளும் கறுத்துவிட்டன. எழுத்து மூலம் முறையிட்டோம். நேரில் சென்றும் வற்புறுத்தினோம். மண்ணைத் தோண்டியபோது, துருப்பிடித்த குழாய் ஒன்று சாக்கடைக்கு ஊடே செல்வதும், அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை இருப்பதும் தெரிந்தன. குழாயை மாற்றி, சாக்கடையிலிருந்து விலக்கிப் பதித்தனர்.

அந்த வேலை நடந்த நாளில்தான் நாங்கள் மற்றொன்றை அறிந்தோம். குடியிருப்பின் பின்புறத்துக் கொட்டகையில் காவலாளியின் குடும்பம் இருந்தது. அவர்கள் குடித்ததும் அதே குழாயின் நீர். அவருடைய இளைய மகனும் எங்கள் குழந்தைகளுக்கு முன்பே காமாலையால் படுத்திருக்கிறான். நோயுற்றவர் நால்வர் என்று நாங்கள் எண்ணி, முறையீட்டிலும் அவ்வாறே எழுதியிருந்தோம். அவனை எண்ணவில்லை. அவன் படுத்தபோதே எங்களுள் ஒருவர் விசாரித்திருந்தால், மற்ற நால்வருக்கும் அந்நோய் வராமலே இருந்திருக்கக்கூடும்.

வீட்டுக்கு ஏற்ற வடிகட்டியை அறிந்து வாங்குங்கள்; வேண்டாததை வாங்காதீர்கள். ஆனால் வடிகட்டி காப்பது ஒரு வீட்டின் சமையலறையை மட்டுமே. எங்கள் சமையலறையில் இப்போது புற ஊதாக் கதிர்க் கருவி ஒன்று உள்ளது. மின்சாரம் இல்லாத நாளில் நீரைக் காய்ச்சிக் கொள்கிறோம். காவலாளியின் கொட்டகையில் கருவி ஏதும் இல்லை. குழாயைச் செப்பனிட்ட நாளன்று, எங்கள் வீட்டுக்கு வந்த நல்ல நீர் அவருடைய வீட்டுக்கும் வந்தது.